அம்மாவைப் பை காக்க வைக்காதீர்கள்

கேளிக்கைப் பூங்காவுக்குள் நுழைந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. நிழல் விழுந்த ஒரு வாங்கில் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் என் தோள்பை, அதன்மேல் என் தொப்பி, காலடியில் தண்ணீர்ச் சவாரியில் நனைந்துபோன என் சப்பாத்துகள். நான் மூன்று சவாரிகளை முடித்துவிட்டு நாலாவதற்கு ஓட ஆயத்தமாக நின்றேன். கொக்குவிலில் இருந்து சிங்கப்பூர் வரை வந்து அம்மா பார்த்த வேலை, நல்லூர்த் தேரன்று வெளிவீதியில் செருப்புக்குக் காவல் இருப்பவர் பார்க்கிற வேலைதான். "களைத்துப் போனாயா பிள்ளை? தண்ணீர் குடி" என்று போத்தலை நீட்டினார். எனக்குச் சுருக்கென்றது.

வளர்ந்த பிள்ளை தாயையோ தகப்பனையோ கூட்டிக்கொண்டு இப்படிப் போய் வருவது யாழ்ப்பாணத்தில் இப்போது புதினம் இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டு விசா கேட்காத நாடுகள் கொஞ்சம்தான். அவற்றில் சிங்கப்பூர் ஒன்று. அங்கே செந்தோசாத் தீவில் 2010 இல் திறந்த யூனிவர்சல் ஸ்டூடியோஸ் என்ற அந்தப் பூங்கா இருக்கிறது. எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று வீட்டார் போய் வந்துவிட்டார்கள். நான் விட்ட பிழைகளையும், மற்றவர்கள் மெதுவாக ஒப்புக்கொண்ட பிழைகளையும் இங்கே எழுதுகிறேன். இவற்றில் பாதி, பூங்காவின் வாசலுக்கு வெகு முன்னரே தொடங்கிவிடுகிறது.

சொல்லாமல் டிக்கெட் போட்டு அம்மாவைத் திகைக்க வைக்கலாம் என்று நினைத்தது என் முதற் பிழை. மலிவாகக் கிடைத்ததே என்று ஆவணியில் திகதி போட்டுவிட்டேன். நல்லூரில் 25 நாள் திருவிழா நடக்கிற காலம் அது. கொடியேறினால் எங்கள் வீட்டில் மச்சம் கிடையாது. அம்மா ஊரை விட்டு அசையவும் மாட்டார். "தேருக்கு நான் இல்லாமலோ?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். திகதி மாற்றக் கட்டிய தண்டப் பணத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. திருவிழா மட்டுமா? கந்தசஷ்டியின் 6 நாள், வெள்ளிக்கிழமைகள், தகப்பனை இழந்தவருக்கு அமாவாசை, தாயை இழந்தவருக்குப் பூரணை என்று நம் தாய்மாரின் கலண்டரில் கட்டம் கட்டிய நாட்கள் நிறைய. விரத நாளில் ஒரு வேளைச் சாப்பாட்டோடு நாள் முழுவதும் வெயிலில் நடக்க வைத்தால் விரதமும் சிதையும், பயணமும் சிதையும். கலண்டரை அவர் கையிலேயே கொடுத்து நாள் குறிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, வெளிநாட்டில் இருக்கும் அண்ணாமாரின் திட்டம். இது முழுக்க முழுக்க எங்கள் ஊர் வருத்தம். கனடாவில் இருக்கும் அண்ணா டிக்கெட்டுக்குக் காசு அனுப்பினார். காசோடு ஓர் அட்டவணையும் வந்தது. பத்து மணிக்கு இந்தச் சவாரி, 10.40 க்கு அது, மதியம் இருபது நிமிடம் சாப்பாடு. அம்மாவின் முழங்காலை அவர் நேரில் பார்த்து எட்டு வருடம். வரிசையில் நிற்கும்போதும் வீடியோவில் வந்து, "அம்மாவை இன்னும் ஏற்றவில்லையா?" என்று விசாரணை. காசு தந்தவருக்கு நன்றி சொல்லுங்கள், படங்கள் அனுப்புங்கள். அட்டவணையை வீட்டு மேசையிலேயே வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

இனிப் பயணம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். பகல் முழுவதும் பஸ்ஸில் இருந்து, புத்தளம், நீர்கொழும்பு எல்லாம் தாண்டிக் கட்டுநாயக்காவில் இறங்கி, நள்ளிரவு விமானம் ஏறினோம். நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். அங்கே நேரம் நம்முடையதை விட இரண்டரை மணி முன்னே ஓடுவதால், கண்ணை மூடுவதற்குள் விடிந்துவிட்டது. ஹோட்டல் அறை பின்னேரம்தான் கிடைக்கும் என்றார்கள். வெறுமனே இருப்பானேன் என்று பெட்டிகளை வைத்துவிட்டு நேரே பூங்காவுக்குப் போனோம். புத்திசாலித்தனமாகத் தெரிந்த மடத்தனம் அது. அன்று பின்னேரம் அம்மாவின் சப்பாத்தைக் கழற்றியபோது பாதம் புளித்த அப்பமாவைப் போலப் பொங்கியிருந்தது. கணுக்காலில் சப்பாத்தின் விளிம்பு பதிந்த கோடு மறுநாள் காலைவரை மறையவில்லை. "நோகிறது என்று சொல்லியிருக்கலாமே" என்றேன். "டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு வீணாகாதா?" என்றார். இறங்கிய நாளில் பூங்கா வேண்டாம். குளித்து, சோறு சாப்பிட்டு, படுக்கட்டும்.

அந்தச் சப்பாத்தும் புதியது. பயணத்துக்கென்று யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு அருகில் முதல் வாரம்தான் வாங்கினேன். வாழ்நாள் முழுவதும் செருப்போடு நடந்த காலை ஒரே நாளில் சப்பாத்துக்குள் திணித்து, பல கிலோமீட்டர் நடக்கச் சொன்னால் கொப்புளம் வராமல் என்ன செய்யும்? நீரிழிவு உள்ளவருக்கு அந்தக் கொப்புளம் சின்ன விடயம் அல்ல. பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் புண் பட்டதே தெரியாது. தெரிய வரும்போது ஆற நாளெடுக்கும். ஒரு மாதம் முன்னரே அந்தச் சப்பாத்தைப் போட்டு, பின்னேரங்களில் கோட்டையடி, பண்ணைக் கடற்கரைப் பக்கமாக நடந்து பழகட்டும். நீங்களும் கூட நடவுங்கள். அம்மா எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை நிற்கிறார், எந்தக் காலைத் தாங்கி நடக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும். மாற்றுக் காலுறை இரண்டு சோடி பையில் இருக்கவேண்டும்.

சேலையைப் பற்றியும் சொல்லவேண்டும். சேலையோடு போகக்கூடாது என்று யாரும் தடுப்பதில்லை. ஆனால் தண்ணீர்ச் சவாரியில் நனைந்த சேலை காயாது. அந்த ஈரத்தோடு குளிரூட்டிய மண்டபத்துக்குள் போனால் நடுக்கம் பிடிக்கும். பஞ்சாபி வசதி. தாலிக்கொடியை ஊரிலேயே ஒரு மெல்லிய சங்கிலிக்கு மாற்றிவிட்டு வரலாம். பதினொரு பவுண் கொடியை லொக்கரில் வைக்கவும் மனம் வராமல், கழுத்தில் போட்டுக்கொண்டு சுழலவும் துணிவில்லாமல், அம்மா அதை ஒரு கையால் பொத்திப் பிடித்தபடியேதான் முதல் நாள் முழுவதும் நடந்தார்.

சின்னச் சின்ன விடயங்கள் சிலவற்றை ஓடிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூருக்குள் நுழையுமுன் இணையத்தில் நிரப்பவேண்டிய வருகை அட்டைக்குக் கட்டணமே இல்லை. வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்பவேண்டும். எங்களிடம் ஒருவர் அதற்கும் கூலி வாங்கிவிட்டார். மெல்லும் புகையிலை அங்கே தடை செய்யப்பட்டது. வெற்றிலைத் தட்டத்தோடு பழகிய பெரியவர்கள் இருந்தால் சேலைத் தலைப்பு முடிச்சு வரை தேடிப் பாருங்கள். குளிசைகள் கைப்பையில் இருக்கட்டும், மருத்துவர் எழுதிய துண்டோடு. பயணப் பெட்டி வழி தவறினாலும் குளிசை வழி தவறக்கூடாது. நம் ஊர்க் காலை ஏழு மணி அங்கே ஒன்பதரை. குளிசையையும் சாப்பாட்டையும் எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று மருத்துவரிடம் முன்னரே கேளுங்கள். பருத்தித்துறை வடை ஒரு சரை பையில் இருந்தால், இரவில் அறைக்குத் திரும்பியதும் அதன் அருமை தெரியும்.

சவாரிகளுக்கு வருகிறேன். என் பெரிய பிழை இங்கேதான் நடந்தது. அதுவும் இரண்டு பக்கமாகவும் நடந்தது. ஆபத்தில்லை என்று நினைத்து ஏற்றியது ஆபத்தாயிற்று. பயப்படுவார் என்று நினைத்து ஏற்றாமல் விட்டதுதான் அவர் ஏற ஆசைப்பட்டது.

முதலாவதைச் சொல்கிறேன். உயரத்திலிருந்து விழுகிற சவாரிகள்தான் வயதானவர்களுக்குக் கூடாது, இருட்டறைக்குள் கதிரையில் இருந்து முப்பரிமாணக் கண்ணாடியோடு பார்ப்பதெல்லாம் படம் பார்ப்பது போலத்தான் என்று எண்ணினேன். அப்படியல்ல. கண் 'நீ பறக்கிறாய்' என்கிறது; உட்காதில் இருக்கும் சமநிலைப் பொறி 'இல்லை, இருந்த இடத்திலேயே ஆடுகிறாய்' என்கிறது. இந்த இரண்டு சாட்சியமும் ஒத்துப்போகாதபோது மூளை தடுமாறி, தலைச்சுற்றும் குமட்டலும் வருகின்றன. அம்மா வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அரை மணி நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. முன்னரே தெரிந்திருந்தால் நடுவில் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லியிருப்பேன். கண்ணை மூடினால் பொய்ச் சாட்சி அடங்கிவிடும்.

உயர் இரத்த அழுத்தம், இருதய வருத்தம், கழுத்து, முதுகு நோவு, அண்மையில் செய்த சத்திரசிகிச்சை ஆகியவை உள்ளவர்கள் ஏறவேண்டாம் என்று பெரிய சவாரிகளின் வாசலிலேயே எழுதிப் போட்டிருப்பார்கள். அதை ஒரு மணி நேர வரிசையின் முடிவில் நின்று வாசிப்பதால் பயனில்லை. ஒன்றையொன்று துரத்தும் இரண்டு ரோலர் கோஸ்டர்கள் அங்கே உண்டு. உயரம் 42 மீட்டரைத் தொடும். எது தன் உடம்புக்கு ஆகும், எது ஆகாது என்பதை அம்மா தன் மருத்துவரிடம் ஊரிலேயே கேட்டிருக்கவேண்டும். நான் கூட்டிப் போய்க் கேட்க வைத்திருக்கவேண்டும்.

இரண்டாவது கதை இன்னும் வெட்கக்கேடு. பிள்ளைகளுக்கென்று இருக்கும் சின்ன ரோலர் கோஸ்டர் ஒன்றின் எதிரேதான் அந்த வாங்கு இருந்தது. நான் மற்றதற்குப் போகும்போதெல்லாம் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். போத்தலை நீட்டியபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏறப் பயமாக இருக்குமோ அம்மா?" என்று சும்மா கேட்டேன். அவர் சிரித்தார். "துலா மிதித்தவளுக்கு என்ன பயம்?" என்றார். கிணற்றடியில் ஒருவர் பட்டையைப் பிடித்து இறைக்க, இன்னொருவர் பத்து, பன்னிரண்டு அடிக்கு மேலே துலா மரத்தில் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். தோட்டம் இறைத்த யாழ்ப்பாணத்துக்குத் தெரிந்த வேலை, ஆண்பிள்ளைகளின் வேலை. தாத்தா சந்தைக்குப் போன நேரங்களில், பதினொரு வயதில், அம்மா அதில் ஏறியிருக்கிறார். முப்பத்தைந்து வருடங்களாக என்னிடம் சொல்லாத கதை. நான் கேட்காத கதை என்பதுதான் சரி.

சின்ன ரோலர் கோஸ்டரில் இரண்டு தடவை ஏறினோம். இரண்டாவது தடவை முன்வரிசை வேண்டும் என்று அவரே கேட்டார்.

ஆகவே அம்மாவுக்கு இது பிடிக்காது, அப்பாவுக்கு அது ஆகாது என்று நாமே தீர்ப்பு எழுதக்கூடாது. ஒவ்வொன்றையும் வெளியே நின்று ஒரு தடவை பார்க்க விட்டு, பிறகு கேளுங்கள். "எனக்கு எதற்கு, நீ போ" என்பது முதற் பதில். அது மறுப்பல்ல, எங்கள் ஊர் உபசாரம். தேத்தண்ணீர் வேண்டுமா என்றால் முதலில் வேண்டாம் என்போமே, அது மாதிரி. இரண்டாம் தடவை கேட்டால் உண்மை வரும். உங்களுக்குப் பெரிய சவாரியில் ஏற ஆசை என்றால், தனியாக வருபவர்களுக்கென்று சில சவாரிகளில் வேறு வரிசை உண்டு. அது வேகமாக நகரும். தண்ணீரில் நடக்கும் சாகசக் காட்சியை அம்மா பார்க்கும் நேரத்தில் ஓடிப் போய் வரலாம். பையை லொக்கர் காக்கட்டும்.

காலையில் திறந்ததும் வெளிச் சவாரிகளை முடித்துவிடுங்கள். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிறது. மதியத்துக்குப் பின் இடியும் மின்னலும் எந்த நாளும் வரலாம், வந்தால் வெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். பிரிந்து போனால் எந்த இடத்தில் சந்திப்பது என்பதை உள்ளே நுழைந்த கையோடு முடிவு செய்யுங்கள். ஹோட்டல் பெயரையும் உங்கள் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிய துண்டு அம்மாவின் கைப்பையில் இருக்கட்டும். தொலைபேசி இருக்கிறதே என்று நம்பவேண்டாம். அதில் எந்த நேரமும் அப்பாதான் இருப்பார். வீட்டையும் கோழிகளையும் யார் பார்ப்பது என்று வர மறுத்த அப்பா, தண்ணீர் மோட்டார் ஏன் இழுக்கவில்லை என்று அங்கே அழைத்துக் கேட்டார்.

கடைசியாகப் பணம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மலிவான டிக்கெட் தனியாக உண்டு. பார்க்காமல் முழு விலைக்கு வாங்கிவிடாதீர்கள். அதைவிடப் பெரிய சிக்கல் பெருக்கல் கணக்கு. ஒரு சிங்கப்பூர் டொலர் இருநூறு ரூபாவைத் தாண்டிய காலத்தில், அம்மா ஒவ்வொரு விலைப்பட்டியலையும் பெருக்கிப் பார்த்தார். ஒரு கோப்பி என்ன விலை, அந்தக் காசுக்கு ஊரில் எத்தனை கிலோ அரிசி என்று கணக்கு முடிவதற்குள் பசி போய்விடும். "விலையைப் பார்க்காதீர்கள் அம்மா" என்று நான் அதட்டியது பிழை. அதட்ட அதட்ட இன்னும் கவனமாகப் பார்த்தார். இரண்டாம் நாள் காலையில் நூறு டொலரை அவர் கையில் கொடுத்து, இது உங்கள் காசு, கணக்குக் கேட்கமாட்டேன் என்றேன். அன்று எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். தனக்கு வாங்கவில்லை, என்னுடையதில் பாதியைச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாளை ஒன்றுமில்லாத நாளாக விட்டிருந்தோம். கட்டோங்கில் சிலோன் ரோட்டில் இருக்கும் செண்பக விநாயகர் கோயிலுக்குப் போகவேண்டும் என்றார் அம்மா. வெள்ளைக்காரன் காலத்தில் எழுதுவினைஞர்களாகவும் ரயில்வே ஊழியர்களாகவும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன நம்மவர்களின் கோயில் அது. அம்மாவின் பாட்டனார் ஒரு மலாயன் பென்சன்காரர். மிஞ்சியிருந்த காசைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தார். முடிச்சை அவிழ்த்து, ஐம்பது டொலர்த் தாள் ஒன்றை உண்டியலில் போட்டார். அதை மட்டும் அவர் பெருக்கிப் பார்க்கவில்லை.