கனம் தூக்கக் கூடாதவர்கள் ஹைட்ரோபோனிக்ஸுக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுகு வலி, மூட்டுத் தேய்மானம், அறுவை சிகிச்சை என்று ஏதோ ஒரு காரணத்தால் "கனமாக எதையும் தூக்காதீர்கள்" என்று மருத்துவர் சொல்லியிருப்பார். மண் மூட்டையை இனி யார் தூக்குவது என்று யோசித்து, பலர் ஹைட்ரோபோனிக்ஸுக்கு, அதாவது மண் இல்லாமல் உரம் கரைத்த தண்ணீரில் செடி வளர்க்கும் முறைக்கு, மாறுகிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் மண்ணின் பாரம் போன இடத்துக்குத் தண்ணீரின் பாரம் வருகிறது. அதைக் கணக்கில் எடுக்காததுதான் பெரிய தவறு.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 20 லிட்டர் பக்கெட் நிறைந்தால் 20 கிலோ. மண் தொட்டியை ஓரிடத்தில் வைத்துவிட்டால் மாதக்கணக்கில் அசைக்க வேண்டாம். தண்ணீரைப் பம்பால் செடிகளுக்குச் சுற்றவிடும் அமைப்பிலோ ஊட்டக் கரைசலை (உரம் கரைத்த தண்ணீரை) ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். அதுவும் தண்ணீர் தளும்பும். தளும்பும்போது உடம்பு தன்னை அறியாமல் திரும்பும், முதுகு பிடித்துக்கொள்ளும். அதனால் தண்ணீரை நீங்கள் சுமக்கவே கூடாது, அது தானாகப் போக வேண்டும்.

இதற்குத் தேவை ஒரு சின்ன நீர்மூழ்கி பம்பும் ஒரு ஹோஸும்தான். பம்பைத் தொட்டிக்குள் போட்டு, ஹோஸின் மறுமுனையை வடிகாலில் விட்டால் பழைய கரைசல் வெளியேறிவிடும். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும், அதைப் பஞ்சால் ஒற்றி எடுக்கலாம். பம்ப் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியில் 1.5 மீட்டர் என்று போட்டிருந்தால், அந்த உயரத்தில் தண்ணீர் வரத்து நின்றுவிடும் என்று பொருள். உங்களுக்கு வேண்டிய உயரத்தைப் போல இரண்டு மடங்கு உள்ளதை எடுங்கள். தொட்டியிலேயே அடியில் குழாய் வைத்திருந்தால் இன்னும் சுலபம்.

அடுத்த தவறு, தொட்டியை நிரப்பிவிட்டு நகர்த்தப் பார்ப்பது. முதலில் காலித் தொட்டியை அதன் நிரந்தர இடத்தில் வையுங்கள், அப்புறம் ஹோஸால் நிரப்புங்கள். 40 லிட்டர் தொட்டியைப் பிளாஸ்டிக் ஷெல்ஃபில் ஏற்றாதீர்கள், தரையில்தான் இருக்க வேண்டும். செடிகள் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவைப் பார்க்கவும் தொட்டிமேல் குனிய வேண்டாம். நீளக் கைப்பிடிக் கரண்டியால் கொஞ்சம் மொண்டு, மேசையில் வைத்துப் பாருங்கள். 5.5 முதல் 6.5 வரை இருந்தால் சரி.

எந்த முறை என்பதிலும் அவசரம் வேண்டாம். வேர் முழுக்கத் தண்ணீரில் மிதக்கும் முறையில் தண்ணீர் அதிகம், எடையும் அதிகம். மெல்லிய நீரோட்டம் ஓடும் குழாய் முறையில் எடை குறைவு, ஆனால் மின்சாரம் போனால் வேர் சீக்கிரம் காய்ந்துவிடும். கீரை, லெட்டூஸ் போன்றவற்றுக்கு நான் பரிந்துரைப்பது ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர் கிராட்கி பரப்பிய முறை. தொட்டியில் நிற்கும் கரைசலின் மேல் செடியை வைப்பார்கள், அது உறிஞ்ச உறிஞ்ச மட்டம் இறங்கும். பம்ப் இல்லை, கரைசலை மாற்றவும் வேண்டாம். லெட்டூஸ் ஒன்றுக்கு நான்கு லிட்டர் போல ஒருமுறை ஊற்றினால் அறுவடை வரை பெரும்பாலும் போதும். மட்டம் இறங்குகிறதே என்று திரும்ப விளிம்பு வரை நிரப்பிவிடாதீர்கள். மேலே காற்றில் இருக்கும் வேர்கள்தான் மூச்சு வாங்குகின்றன, அவை மூழ்கினால் செடி வாடும்.

மண்ணுக்குப் பதிலாக வேரைத் தாங்கும் பொருளிலும் எடை ஒளிந்திருக்கிறது. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி காய்ந்திருக்கும்போது லேசு, ஊறினால் பல மடங்கு கனக்கும். பக்கெட்டில் ஊறவைத்துத் தூக்காமல், வளர்க்கப்போகும் தொட்டியிலேயே காய்ந்த கட்டியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். பெர்லைட் என்ற வெள்ளைப் பொரிகல் லேசானது. ஆனால் தூள் பறக்கும், நனைத்துவிட்டுக் கையாளுங்கள்.

ஏ, பி என்று இரண்டு பகுதியாக வரும் உர அடர்கரைசல்களைத் தண்ணீரில் விடுமுன் ஒன்றோடொன்று நேரடியாகக் கலக்காதீர்கள். கால்சியம் படிந்து வெள்ளையாக அடியில் தங்கிவிடும். ஒன்றைத் தண்ணீரில் நன்றாகக் கலக்கிய பிறகு மற்றதை விடுங்கள்.

மண்ணில் இருக்கும் செடிகளையெல்லாம் வேர் கழுவி மாற்றவும் நினைக்க வேண்டாம். தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கும் வேலை அது, வேரும் அறுபடும். விதையிலிருந்து தொடங்குங்கள். பழைய தொட்டிகளில் அறுவடை முடிந்ததும் தண்ணீர் விடுவதை நிறுத்தி மண்ணைக் காயவிடுங்கள். ஈரம் போனால் எடை நன்றாகக் குறையும். சிறு கொத்துக்கரண்டியால் இரண்டு, மூன்று கிலோவாக அள்ளிப் பைகளில் போட்டால், தொட்டியை அசைக்காமலேயே காலி செய்துவிடலாம்.