ஃபேண்டஸி ஃபுட்பால் டிராஃப்ட்: எந்த ரவுண்டில் யாரை எடுப்பது?

அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆகஸ்டில், ஆபீஸில் ஒருவர் என் மேசைப் பக்கம் வந்து "பன்னிரண்டு பேர் வேண்டும், ஒரு ஆள் குறைகிறது, சேர்ந்துகொள்கிறாயா" என்று கேட்டார். அந்த ஆட்டத்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூடத் தெரியாமல் நானும் தலையாட்டிவிட்டேன். டிராஃப்ட் அன்று, அதாவது ஆட்டக்காரர்களை முறை வைத்துப் பொறுக்கியெடுக்கும் நாளில், முதல் ரவுண்டிலேயே ஒரு குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிபவர்) எடுத்தேன், எட்டாவது ரவுண்டில் ஒரு கிக்கரை (பந்தை உதைப்பவர்) எடுத்தேன். கிக்கர் பெயரைச் சொன்னதும் அறையே சிரித்தது. ஏன் சிரித்தார்கள் என்று எனக்குப் புரிவதற்குள் அக்டோபர் வந்துவிட்டது.

புதிதாக வருபவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். ஃபேண்டஸி என்றால் நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கி நமக்கென்று ஒரு கற்பனை அணி அமைப்பது; அவர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதை வைத்து வாராவாரம் நமக்குப் புள்ளி, அதை வைத்து லீகில் இன்னொருவரோடு மோதல். இங்கே அந்த நிஜ ஆட்டம் என்எஃப்எல், அதாவது அமெரிக்கன் ஃபுட்பால். மொத்தம் 32 அணிகள், 18 வாரம், ஒவ்வொரு அணிக்கும் 17 ஆட்டம், நடுவில் ஒரு வாரம் ஓய்வு (அதை 'பை' வாரம் என்பார்கள்). ட்ரீம்11 ஆடிப் பழகியவர்கள் ஒன்றை மறந்துவிட வேண்டும். அங்கே கோலியை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு ஆட்டக்காரரை ஒருவர் எடுத்துவிட்டால் அந்த லீகில் வேறு யாருக்கும் அவர் கிடைக்கமாட்டார். டிராஃப்டில் யோசிக்க வேண்டியதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

1. லீக் விதிகளைப் படியுங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எத்தனை பேர், எத்தனை ரவுண்டு, களத்தில் யார் யாரை இறக்க வேண்டும், புள்ளி எப்படி என்று பாருங்கள். நான் இங்கே சொல்லப்போவது 12 பேர், 15 ரவுண்டு லீகுக்கு: 1 குவார்ட்டர்பேக், 2 ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), 2 வைடு ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்), 1 டைட் எண்ட் (பந்தைப் பிடிப்பதோடு எதிரணியைத் தடுக்கவும் செய்பவர்), 1 ஃபிளெக்ஸ் (ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் மூன்றில் யாரை வேண்டுமானாலும் இறக்கலாம்), 1 டிஃபென்ஸ் (ஓர் அணியின் தடுப்பாட்டக் குழு மொத்தமும்), 1 கிக்கர், அப்புறம் பெஞ்சில் 6 பேர்.

புள்ளியில் கவனிக்க வேண்டியது, பந்தைப் பிடிப்பதற்கு என்ன தருகிறார்கள் என்பது. ஒரு ரிசீவர் ஓர் ஆட்டத்தில் 7 முறை பந்தைப் பிடித்து, 85 யார்டு எடுத்து, ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது) போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 யார்டுக்கு 1 புள்ளி என்றால் 8.5, டச்டவுனுக்கு 6, ஆக 14.5. ஒவ்வொரு பிடிக்கும் 1 புள்ளி தரும் பிபிஆர் லீகில் அதே ஆட்டத்துக்கு 21.5 கிடைக்கும். இதைப் படிக்காமல் போய் உட்கார்ந்தால் தப்பான பட்டியலை வைத்துக்கொண்டு ஆள் எடுப்பீர்கள்.

2. உங்கள் இடம் எது என்று பாருங்கள்

பெரும்பாலும் நடப்பது ஸ்நேக் டிராஃப்ட், பாம்பு மாதிரி வளைந்து திரும்பும். முதல் ரவுண்டில் 1 முதல் 12 வரை போனால், அடுத்ததில் 12இலிருந்து 1க்குத் திரும்பி வரும். முதல் இடம் கிடைத்தவருக்கு அடுத்த வாய்ப்பு 24, 25. கடைசி இடத்தில் இருப்பவருக்கு 12, 13, அப்புறம் 36, 37. நடுவில் 7ஆம் இடம் என்றால் 7, 18, 31, 42. உங்கள் எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்து இடங்களில் இருப்பவர்கள் 22 பேர் கைமாறும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால், கொஞ்சம் முன்கூட்டியே எடுக்கப் பழக வேண்டும்.

3. புள்ளியைப் பார்க்காதீர்கள், இடைவெளியைப் பாருங்கள்

நான் முதல் வருடம் சறுக்கியது இங்கேதான். அதிகப் புள்ளி எடுப்பவர்கள் குவார்ட்டர்பேக்குகள், ஆகவே அவரை முதலில் எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். கணக்குக்காக ஒரு கற்பனை உதாரணம்: முதல்தரக் குவார்ட்டர்பேக் வாரத்துக்கு 22 புள்ளி, பன்னிரண்டாவது இடத்தில் இருப்பவர் 17. முதல்தர ரன்னிங் பேக் 20 புள்ளி, இருபத்து நான்காவது இடத்தில் இருப்பவர் 10. குவார்ட்டர்பேக்கைத் தள்ளிப்போட்டால் 5 புள்ளி போகும், ரன்னிங் பேக்கைத் தள்ளிப்போட்டால் 10 போகும். 12 பேருக்கும் ஆளுக்கொரு குவார்ட்டர்பேக் போதும், ஆனால் 32 அணிகளிலும் ஒருவர் ஆடுகிறார், அதனால் மிச்சம் நிறைய இருக்கும். ரன்னிங் பேக்கோ 12 பேருக்கும் குறைந்தது 24 பேர் தேவை, ஃபிளெக்ஸைச் சேர்த்தால் இன்னும் கூடும். பல அணிகள் இப்போது ஓடும் வேலையை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுப்பதால், முழுநேர வேலைக்காரர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

4. பட்டியலில் கோடு போடுங்கள்

1, 2, 3 என்று தரவரிசையை மட்டும் வைத்திருப்பது போதாது. ஒவ்வொரு வகைக்கும் பெயர்களை எழுதி, தரம் இறங்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். என் தாளில் டைட் எண்ட் பத்தியில் மூன்று பெயருக்குக் கீழே ஒரு கோடு, அடுத்து ஒன்பது பெயருக்குக் கீழே இன்னொரு கோடு. உங்கள் முறை வரும்போது ஒரு கோட்டுக்கு மேலே ஒரே ஒருவர் மிச்சமிருந்தால் அவரை எடுங்கள், நாலைந்து பேர் இருந்தால் அந்த வகைக்கு அவசரமில்லை. இவ்வளவுதான் விஷயம், ஆனால் இதைச் செய்யாமல் வருபவர்கள்தான் அதிகம்.

இனி ரவுண்டு வாரியாக

முதல் இரண்டு ரவுண்டில் ரன்னிங் பேக், ரிசீவர் தவிர வேறு யாரையும் நினைக்காதீர்கள். இரண்டில் ஒருவர் ரன்னிங் பேக்காக இருந்தால் பின்னால் நிம்மதி. ரன்னிங் பேக்குகளுக்கு அடிபடும் அபாயம் அதிகம் என்பதையும் மனதில் வையுங்கள். கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2023இல் 21 டச்டவுன் போட்டார், அதனால் 2024இல் ஏராளமான லீகுகளில் அவர்தான் முதல் தேர்வு. அந்த சீசனில் காயத்தால் அவர் ஆடியது வெறும் 4 ஆட்டம். அதே 2024இல் ரிசீவர் ஜமார் சேஸ் 127 முறை பந்தைப் பிடித்து 1,708 யார்டும் 17 டச்டவுனும் எடுத்தார். ஆகவே ரன்னிங் பேக்தான் முதலில் என்ற பழைய பாடத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

3 முதல் 6 வரை ரிசீவர் பக்கம் சாய்வது என் வழக்கம். இந்த நேரத்தில் மிச்சமிருக்கும் ரன்னிங் பேக்குகள் பலரும் "வேலை இருக்கிறது, ஆனால் எவ்வளவு நாள் என்று தெரியாது" என்ற ரகம், பயத்தில்தான் ஆட்கள் அவர்களை அள்ளுவார்கள்.

குவார்ட்டர்பேக்கை 6 முதல் 9க்குள் எடுத்தால் போதும். எடுக்கும்போது காலால் ஓடத் தெரிந்தவரா என்று பாருங்கள். வழக்கமான விதியில் 25 யார்டு எறிந்தால்தான் 1 புள்ளி, ஓடினால் 10 யார்டுக்கே 1. எறிந்து வரும் டச்டவுனுக்கு 4, தானே ஓடிப் போட்டால் 6. லாமர் ஜாக்சன் 2019இல் 1,206 யார்டு ஓடினார், எறிந்த 36 டச்டவுன் தனி. அவரைப் பின் ரவுண்டில் எடுத்து வைத்திருந்தவர்களுக்கு அந்த வருடம் தீபாவளி. ஒன்று மட்டும்: உங்கள் லீகில் இரண்டு குவார்ட்டர்பேக் இறக்கலாம் என்றிருந்தால் நான் சொன்ன இந்தப் பத்தியை அப்படியே தூக்கிப் போடுங்கள், அங்கே அவர்கள் முதல் ரவுண்டிலேயே பறப்பார்கள்.

டைட் எண்டில் ஒன்று உச்சியில் இருக்கும் இரண்டு மூன்று பேரில் ஒருவரை முன்னாலேயே எடுங்கள், இல்லையென்றால் பத்தாவது ரவுண்டுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் எடுப்பதுதான் நஷ்டம், ஏனென்றால் ஆறாவது ஆளுக்கும் பன்னிரண்டாவது ஆளுக்கும் பெரிதாக வித்தியாசம் இருக்காது.

7 முதல் 13 வரை மிச்ச ரவுண்டுகளில் பெஞ்சை நிரப்ப, "பரவாயில்லை" ரகத்தை எடுக்காதீர்கள். புதுமுக ரிசீவர், பெரிய ரன்னிங் பேக்குக்கு அடுத்த இடத்தில் காத்திருப்பவர் மாதிரி, ஒரு கதவு திறந்தால் மேலே போகக்கூடியவர்களை எடுங்கள். டிஃபென்ஸ் 14, கிக்கர் 15. டிஃபென்ஸுக்கு முதல் வாரத்தில் எதிரணி யார் என்று பார்த்தால் போதும், வாராவாரம் மாற்றிக்கொள்ளலாம்.

டிராஃப்ட் நடக்கும்போது

ஒவ்வொருவருக்கும் ஒன்று, ஒன்றரை நிமிடம்தான் தருவார்கள், தாண்டினால் கணினியே யாரையாவது எடுத்துவிடும். வரிசையில் மூன்று பெயரையாவது முன்கூட்டியே போட்டு வையுங்கள். நடுவில் திடீரென்று நாலு பேர் அடுத்தடுத்து டைட் எண்ட் எடுப்பார்கள், உங்களுக்கும் கை பரபரக்கும். அப்போது தாளைப் பாருங்கள். கோட்டுக்கு மேலே யாரும் இல்லையென்றால் அவர்கள் கும்பலாக ஓடட்டும், அவர்கள் விட்டுவைத்த ரிசீவரை நீங்கள் எடுங்கள். பை வாரம் ஒன்றாக வருகிறதே என்று முதல் ரவுண்டுகளில் நல்ல ஆளை விட்டுவிடாதீர்கள், ஒரு வாரம் தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறது.

தேதி உங்கள் கையில் இருந்தால் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் வையுங்கள். பயிற்சி ஆட்டங்களில் அடிபடுபவர்கள் யார் என்று அதற்குள் தெரிந்திருக்கும்.

அப்புறம் முதல் வார ஆட்டங்கள் முடிந்த செவ்வாய்க்கிழமை இரவு, யாரும் எடுக்காமல் விட்டவர்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். 2023இல் பூக்கா நக்குவா என்ற புதுமுகம் முதல் ஆட்டத்திலேயே 10 முறை பந்தைப் பிடித்து 119 யார்டு எடுத்தார். பெரும்பாலான லீகுகளில் டிராஃப்டில் யாருமே அவரைத் தொட்டிருக்கவில்லை. அந்த சீசனை அவர் 105 பிடி, 1,486 யார்டு என்று புதுமுகங்களுக்கான சாதனையோடு முடித்தார். அப்படி ஒருவர் கண்ணில் பட்டால், பதிமூன்றாவது ரவுண்டில் ஆசைப்பட்டு எடுத்த அந்த ஆளை யோசிக்காமல் வெட்டிவிட்டு, புதியவரைக் கேட்டு அன்றிரவே கோரிக்கை போடுங்கள், பெரும்பாலான லீகுகளில் புதன் விடியற்காலையில் முடிவு வந்துவிடும்.