‘எதற்காக?’ என்று கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘இது எதற்காக?’ என்று யாரும் எளிதாகக் கேட்டுவிடலாம். ஆனால் அந்தக் கேள்விக்குச் சொல்லப்படும் விடை எப்போதும் ஒரே வகையைச் சேர்ந்ததாக இருப்பதில்லை. செய்தவரின் எண்ணம், ஒரு பொருள் ஆற்றும் பணி, அதனால் விளையும் நன்மை, அதைச் செய்வதற்குரிய நியாயம் ஆகியவை நான்கும் வேறு வேறு. நோக்கம் பற்றிய மெய்யியல் வாதங்களில் அடிக்கடி தென்படும் பிழைகளைக் கூர்ந்து பார்த்தால், இவற்றில் ஒன்றுக்குரிய விடையை மற்றொன்றின் தலையில் ஏற்றியதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

கடைசியில் வந்து சேர்வதையெல்லாம் நோக்கம் என்று கொள்வது மிகப் பழைய பிழை. அரிஸ்டாட்டில் தம் ‘இயற்பியல்’ நூலின் இரண்டாம் பகுதியில் இதை ஓர் எடுத்துக்காட்டோடு மறுக்கிறார். இறந்துபோன ஒருவனைப் பற்றி, எதற்காகப் பிறந்தானோ அந்த முடிவை அடைந்துவிட்டான் என்ற பொருளில் ஒரு கவிஞர் பாடியதை எடுத்துக்காட்டி, அது நகைப்புக்குரியது என்கிறார். இறுதியாக வருவதெல்லாம் நோக்கம் ஆகாது. சிறந்ததே நோக்கமாகும் என்பது அவர் கூறும் காரணம். சாவு வாழ்வின் எல்லையே தவிர வாழ்வு அதை நாடிச் செல்வதில்லை.

நோக்கம் என்று ஒன்று இருந்தால் அதைத் திட்டமிட்ட மனமும் இருந்தே தீர வேண்டும் என்ற முடிவுக்குத் தாவுவதும் தவறு. அதே நூலில் அரிஸ்டாட்டில் சிலந்தி வலை பின்னுவதையும், பறவை கூடு கட்டுவதையும், தாவரத்தின் வேர் உணவு தேடிக் கீழ்நோக்கிச் செல்வதையும் குறிப்பிடுகிறார். இவை ஆலோசித்துச் செய்யப்படுபவை அல்ல. ஆயினும் ஒரு பயனை முன்னிட்டு நடப்பவை என்பது அவர் நிலைப்பாடு. ஒன்று எதற்காக என்பதையும் அதன் காரணங்களில் ஒன்றாக அவர் கொள்ளும் ‘நோக்கக் காரணத்தை’ப் படைத்தவனின் திட்டம் என்று படிப்பது பிற்காலக் கருத்தை அவர்மேல் ஏற்றுவதாகும். இதற்கு நேரெதிரான பிழை, தற்செயலாக நடப்பவற்றுக்கும் நோக்கம் தேடுவது. 1677-இல் வெளிவந்த தம் ‘அறவியல்’ நூலில் மெய்யியலாளர் ஸ்பினோசா இதற்குத் தரும் எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. கூரையிலிருந்து கல் விழுந்து ஒருவன் சாகிறான். காற்று வீசியதால் கல் விழுந்தது என்றால், காற்று ஏன் அப்போது வீசியது, அவன் ஏன் அவ்வழியே வந்தான் என்று கேள்விகள் நீண்டுகொண்டே போய், கடைசியில் இறைவனின் விருப்பம் என்னும் இடத்தில் நிற்கும். அந்த இடத்தை அவர் அறியாமையின் புகலிடம் என்றார்.

எதிர்காலம் நிகழ்காலத்தை இழுக்கிறது என்ற மயக்கத்தைச் சுருக்கமாகவே தீர்த்துவிடலாம். தேர்வுக்காகப் படிக்கும் மாணவியைப் படிக்க வைப்பது இனிமேல் வரப்போகும் தேர்ச்சி அன்று. இப்போது அவளிடம் இருக்கும் விருப்பமும் நம்பிக்கையும்தான். தேர்வே நடக்காமல் போனாலும் அவள் அதற்காகப் படித்தாள் என்பது உண்மையாகவே இருக்கும்.

உயிரியலில் இந்தச் சிக்கல் நுட்பமாகிறது. இதயம் குருதியை உந்துகிறது. கூடவே ‘லப்-டப்’ என்று ஒலியும் எழுப்புகிறது. அந்த ஒலி மருத்துவருக்கு நோயைக் காட்டித் தருவதால் மனிதருக்கு உண்மையிலேயே பயன்படுகிறது. இருந்தும் குருதியை உந்துவதே இதயத்தின் பணி என்கிறோம், ஒலி எழுப்புவதை அப்படிச் சொல்வதில்லை. பயன் தருவது மட்டுமே பணியாகிவிடும் என்றால் இந்த வேறுபாட்டுக்கு விளக்கமே இருக்காது. மெய்யியலாளர் லாரி ரைட் 1973-இல் முன்வைத்த விளக்கம் இங்கே உதவுகிறது: ஓர் உறுப்பு எதைச் செய்வதால் அங்கே இருக்கிறதோ, அதுவே அதன் பணி. குருதியை உந்திய இதயங்கள் கொண்ட உயிர்கள் பிழைத்துப் பெருகின. ஆகவே இன்றைய உயிர்களிடம் இதயம் இருக்கிறது. ஒலிக்கு அந்த வரலாற்றில் பங்கில்லை. 1859-இல் டார்வின் நோக்கத்தை உயிரியலிலிருந்து அடியோடு துரத்திவிட்டார் என்று பொதுவாகச் சொல்லப்படுவதைவிட, பணி என்ற பேச்சுக்குத் திட்டமிடுபவர் தேவையில்லாத அடித்தளம் ஒன்றை இயற்கைத் தேர்வு அளித்தது என்பதே, என் கணிப்பில், பொருத்தமான கூற்று.

ஆனால் அந்த அடித்தளத்தின்மேல் அறநெறியை நேராகக் கட்டிவிட முடியாது. ஓர் உறுப்பு எதனால் நிலைத்தது என்பது கடந்தகாலத்தைப் பற்றிய செய்தி. அதை நான் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பது வேறு கேள்வி. ‘இருக்கிறது’ என்ற வாக்கியங்களிலிருந்து ‘வேண்டும்’ என்ற வாக்கியத்துக்குச் சத்தமில்லாமல் நகர்ந்துவிடும் ஆசிரியர்களைப் பற்றி மெய்யியலாளர் ஹியூம் 1740-லேயே எச்சரித்திருந்தும், ‘இது இயற்கையின் நோக்கத்துக்கு மாறானது’ என்ற ஒரே வரியில் ஒரு நடத்தையைக் கண்டித்து முடித்துவிடும் வழக்கம் இன்றும் ஓயவில்லை.

ஒவ்வொரு செயலுக்கும் ஒரு நோக்கம் இருப்பதால் எல்லாச் செயல்களுக்கும் பொதுவான ஒரே நோக்கம் உண்டு என்பது தருக்கத்தில் நிற்காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாய் உண்டு என்பதால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தாய் என்றா ஆகிவிடும்? அரிஸ்டாட்டிலின் ‘நிகோமாக்கிய அறவியல்’ என்ற நூல் இந்தப் பிழையோடுதான் தொடங்குகிறது என்று சிலர் குற்றம் சாட்டுவதுண்டு. ஆனால் அங்கே அவர் ‘அப்படி ஒரு நோக்கம் இருக்குமானால்’ என்ற நிபந்தனையோடுதான் பேசுகிறார். அதே நூலின் முதல் வரிகளில் இன்னொரு வேறுபாடும் உண்டு, அதையும் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்: சில நோக்கங்கள் செயலுக்கு வெளியே உண்டாகும் பொருள்கள், சில, செயலே. குழல் செய்பவருக்கு வேலை முடிந்தபின் கையில் குழல் இருக்கும். குழல் வாசிப்பவருக்கு வாசிப்பைத் தாண்டி எதுவும் மிஞ்சாது. மிஞ்ச வேண்டியதும் இல்லை. நன்றாக வாழ்தல் இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதை விட்டுவிட்டால், நற்பண்புகள் எல்லாம் மகிழ்ச்சி என்ற சரக்கை வாங்கக் கொடுக்கும் விலைபோல ஆகிவிடுகின்றன. அரிஸ்டாட்டிலை, செயலின் சரிதவறை அதன் விளைவை மட்டும் வைத்து அளக்கும் விளைவுவாதிகளோடு சேர்த்து எண்ணும் பிழையும் இங்கிருந்துதான் பிறக்கிறது.

மெய்யியலாளர் காண்ட்டின் வாசகம் அளவுக்குச் சிதைக்கப்பட்டது வேறு எதுவும் இருக்குமா என்பது ஐயம். ‘மனிதரை வழிமுறையாகப் பயன்படுத்தாதே’ என்று அவர் சொன்னதாகப் பலரும் எழுதுகிறார்கள். 1785-இல் அவர் எழுதியதில் ‘வெறும் வழிமுறையாக மட்டும்’ என்ற கட்டுப்பாடு இருக்கிறது. மருத்துவரிடம் செல்பவரும் ஊழியரை வேலைக்கு வைப்பவரும் மற்றவரைத் தம் நோக்கத்துக்கு வழியாகத்தான் கொள்கிறார்கள்; அது தவறானால் கூடிவாழ்தலே இயலாது. தவறு எங்கே தொடங்குகிறது என்பதற்குக் காண்ட் தரும் எடுத்துக்காட்டு பொய் வாக்குறுதி. திருப்பித் தர முடியாது என்று தெரிந்தே ஒருவன் திருப்பித் தருவேன் என்று சொல்லிக் கடன் வாங்குகிறான். கொடுப்பவர் ஏமாறினால்தான் அவன் திட்டம் பலிக்கும்; ஆகவே உண்மை தெரிந்து அவர் அதற்கு இசைய வழியே இல்லை. இசைவுக்கு இடமில்லாத அந்த நிலைதான் மனிதரை வெறும் கருவியாக்குகிறது. பணம் கைமாறியது அன்று.

ஒரு நடைமுறையின் நோக்கத்தை அதற்குள் நடக்கும் ஒவ்வொரு செயலுக்கும் நியாயமாகக் காட்டுவது கடைசியாகக் குறிப்பிட வேண்டிய பிழை. தண்டனை பற்றிச் சட்ட மெய்யியலாளர் ஹெச்.எல்.ஏ. ஹார்ட் 1959-இல் செய்த பிரிவு இதைத் தெளிவாக்குகிறது. தண்டனை என்ற ஏற்பாடு ஏன் இருக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. யாரை, எவ்வளவு தண்டிக்கலாம் என்பது இன்னொன்று. குற்றங்களைக் குறைப்பதற்காக என்பது முதல் கேள்விக்கு ஏற்ற விடையாக இருக்கலாம். குற்றமற்ற ஒருவரைத் தண்டித்தால் குற்றங்கள் குறையும் என்று யாரேனும் மெய்ப்பித்தாலும், அவரைத் தண்டிக்கலாம் என்பதற்கு அது விடையாகாது. அங்கே கேட்க வேண்டியது அவர் குற்றம் செய்தாரா என்பதே.