4294967297: பெரிய எண்ணில் கால் வழுக்கும் இடங்கள்

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. 32 இரண்டுகளைப் பெருக்கி, வருவதோடு 1 கூட்டினால் கிடைக்கும் எண் இது. பெரிய எண்களில் நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகளை இந்த ஒன்றை வைத்தே பார்த்துவிடலாம்.

முதல் தவறு, ஆள் பார்த்து எடை போடுவது. கடைசி இலக்கம் 7. இலக்கங்களைக் கூட்டினால் 59, ஆக 3 வகுக்காது. 7, 11, 13 எதற்கும் மசியாது. உடனே "பகா எண்தான்" என்று எழுதிவிடத் தோன்றும். பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மாவே இங்கே தவறினார். 1, 2, 4, 8, 16 இரண்டுகளைப் பெருக்கி 1 கூட்டினால் இதே வரிசையில் முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்துமே பகா எண்கள் என்பதால், அடுத்து வருவதும் அப்படித்தான் என்று நம்பினார். ஐந்து முறை சரியாக வந்தது ஆறாவது முறைக்குச் சாட்சி ஆகாது. 1732-இல் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் இது 641 ஆல் வகுபடும் என்று காட்டினார்: 641 × 6700417.

சரி, எதுவரை வகுத்துப் பார்க்க வேண்டும்? எண்ணில் பாதி வரை என்று பலர் நினைக்கிறார்கள். தேவையே இல்லை. காரணிகள் ஜோடியாகத்தான் வரும். அதில் சின்னது வர்க்கமூலத்தைத் தாண்டாது. இங்கே வர்க்கமூலம் கிட்டத்தட்ட 65536. அதுவரை உள்ள பகா எண்கள் மட்டும் போதும். ஆனால் அவையே 6542 இருக்கின்றன!

கையால் செய்பவருக்கு அதுவும் மலைதான். அதனால் எல்லாவற்றையும் வரிசையாக வகுத்துக்கொண்டு போவதும் ஒரு தவறே. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும், அதை 64 ஆல் வகுத்தால் மீதி 1 வரும். இதை நிறுவியவரும் ஆய்லர்தான். அப்படியானால் 65, 129, 193, 257 என்று 64 கூட்டிக்கொண்டே போகலாம். பகா எண் அல்லாதவற்றைத் தள்ளினால் மிஞ்சுவது 193, 257, 449, 577, 641. ஐந்தே வகுத்தல், ஐந்தாவதில் மீதி பூஜ்யம். எத்தனை முறை செய்து பார்த்தாலும் எனக்கு இது சலிக்கவில்லை.

அப்புறம், காரணிகளை எண்ணுவதில் வரும் குழப்பம். பகாக் காரணிகள் இரண்டு. மொத்தக் காரணிகள் நான்கு, 1-ஐயும் அந்த எண்ணையும் சேர்த்து. ஒன்று குறைவான 4294967296-க்கு எத்தனை? 32 என்று சொல்லிவிடாதீர்கள். அதன் காரணிகள் எல்லாம் 2-இன் அடுக்குகள்; அடுக்கு 0-விலிருந்து தொடங்கி 32 வரை போவதால் 33.

நிரல் எழுதுபவர்களுக்கு ஒன்று. குறியில்லா (unsigned) 32 பிட் முழு எண்ணில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பு 4294967295. நம் எண்ணை அதில் திணித்தால் மேல்பகுதி வெட்டுப்பட்டு வெறும் 1 மட்டுமே நிற்கும். 641 ஆல் வகுத்துவிட்டு "மீதி 1, வகுபடவில்லை" என்று திரை சொன்னால், சந்தேகப்பட வேண்டியது ஆய்லரை அல்ல, மாறியின் வகையை.