தலைவர் வாய் குளறாம இருக்க துண்டுச்சீட்டு எழுதுறது எப்படி?

வெளியூர் தலைவர் நம்ம வேலூருக்கு பேச வர்றார்னா பேனர், மாலை, பிரியாணின்னு எல்லாத்துக்கும் ஆள் இருக்கு, ஆனா அவர் கைல குடுக்குற சீட்டை மட்டும் கடைசி நிமிஷத்துல எவனாவது கிறுக்கி குடுப்பான், ராத்திரிக்குள்ள மீம்ஸ் வந்துடும்.

மொதல்ல சின்னம். சொந்தக் கட்சி சின்னம் தூக்கத்துல கூட வரும், கூட்டணிக் கட்சி சின்னம்தான் வழுக்கும். 2019ல திண்டுக்கல் சீனிவாசன் பாமகவுக்கு ஓட்டு கேக்கும்போது மாம்பழம்னு சொல்லாம ஆப்பிள்னாரே, அதான். சீட்டு உச்சில சின்னத்தை படமாவே ஒட்டிடுங்க.

அடுத்தது, எதிர்க்கட்சிய திட்டுற வரி இருக்குற பக்கத்துல நம்ம ஆள் பேரே வரக்கூடாது. 2018ல கர்நாடகாவுல அமித்ஷா ஊழல்ல நம்பர் ஒன் எடியூரப்பா அரசுன்னுட்டாரு, பக்கத்துலயே எடியூரப்பா உக்காந்துனு இருந்தாரு பாவம்.

நம்ம ஊர்ல பெரிய கண்ணிவெடி எதுன்னா ஊர் பேருதான். 2019ல மாவட்டத்தை மூணா பிரிச்சாங்க இல்ல, இப்ப ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம், ஆற்காடு, வாலாஜா ராணிப்பேட்டை மாவட்டம். ஆனா எம்பி தொகுதின்னு வந்தா ஆம்பூரும் வாணியம்பாடியும் வேலூர்லதான் வரும், வேலூரை ஒட்டியே இருக்குற காட்பாடி அரக்கோணத்துக்கு போயிடும்! சென்னைலேர்ந்து வர்றவருக்கு இது எப்படி தெரியும், காட்பாடில நின்னுனு வேலூர் வேட்பாளருக்கு ஓட்டு கேப்பாரு, கூட்டம் கைதட்டும் (நம்ம ஆளுங்க எதுக்கு வேணா தட்டுவாங்க), ஓட்டு மட்டும் வராது. அதனால ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் தனித்தனி சீட்டு, அதுல ஊர், மாவட்டம், எம்பி தொகுதி, வேட்பாளர் பேரு, நாலே வரி, கண்ணாடி இல்லாமலே படிக்கிற சைஸ்ல.

கோட்டை பக்கம் பேசுனா சிப்பாய் புரட்சிய இழுக்காம இருக்க மாட்டாங்க, 1806 ஜூலை 10ன்னு தேதியோட எழுதுங்க, இல்லாட்டி 1857க்கு தாவிடுவாங்க.

பழமொழி, இலக்கியம் ரெண்டும் வேணாம். ஸ்டாலினோட பூனை மேல் மதிலையும், எடப்பாடி கம்பராமாயணத்தை சேக்கிழாருக்கு குடுத்ததையும் இன்னும் ஊரே மறக்கல.

தப்பு வந்துட்டா பின்னால நின்னு காதுல சொல்லாதீங்க, மைக் அதையும் புடிச்சிக்கும். சின்ன பேப்பர்ல எழுதி கைக்கு கீழ தள்ளுங்க. எல்லா சீட்டுலயும் 2 காப்பி எடுத்து ஒண்ணை பி.ஏ. கிட்ட குடுத்துடுங்க, சால்வை போடுற தள்ளுமுள்ளுல ஒரிஜினல் கண்டிப்பா காணாம போயிடும்.