ஒரு சட்டத்துக்கு யார் எப்படி வாக்களித்தார்கள்? அமெரிக்காவின் 2005 திவால் சட்டத்தை வைத்து ஒரு செய்முறை

ஜோ பைடன் தேர்தலில் நின்றபோதெல்லாம் "கிரெடிட் கார்டு கம்பெனிகளுக்காகத் திவால் சட்டத்தை இறுக்கியவர்தானே" என்ற குத்தலும் கூடவே வந்தது. ஒபாமா, ஹிலாரி கிளிண்டன் பெயர்களும் அதே சட்டத்தோடு சேர்ந்து அடிபட்டன. யார் சொல்வது உண்மை என்று வாட்ஸாப்பில் சண்டை போடத் தேவையில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தில் (அதன் பெயர் காங்கிரஸ்; செனட், பிரதிநிதிகள் சபை என்று இரண்டு அவைகள்) பெயர் வாரியாக நடக்கும் வாக்கெடுப்புகளின் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

தேடுவது சுலபம். தேடி எடுத்ததைப் படிக்கும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். அதனால் படிப்பதற்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். கொஞ்சம் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தால் போதும், சட்டப் படிப்பெல்லாம் வேண்டாம்.

படி 1: சட்டம் எதை மாற்றியது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிவிட்டு நேராக வாக்குப் பட்டியலுக்குப் போனால், பார்ப்பது வெறும் பெயர்களாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவில் தனிநபர் மஞ்சள் கடுதாசி கொடுக்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. சாப்டர் 7-இல், சட்டம் விட்டுவைக்கும் உடைமைகள் போக மீதி இருந்தால் விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, பெரும்பாலான கடன்களிலிருந்து சில மாதங்களில் விடுபடலாம். சாப்டர் 13-இல், வருமானத்திலிருந்து 3 முதல் 5 ஆண்டுகள் தவணை கட்ட வேண்டும். கடன் கொடுத்த கம்பெனிகளுக்கு இரண்டாவது வழிதான் லாபம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2005-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் வழியின் வாசலில் ஒரு தராசை வைத்தது. மீன்ஸ் டெஸ்ட் என்று பெயர். மனுப் போடுவதற்கு முந்தைய 6 மாத வருமானத்தின் சராசரியை எடுத்து, அதே மாநிலத்தில் அதே அளவுள்ள குடும்பங்களின் இடைநிலை வருமானத்தோடு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் வருமானம்) ஒப்பிடுவார்கள். குறைவாக இருந்தால் இந்தச் சோதனை அதோடு முடிந்தது. கூடுதலாக இருந்தால் வருமான வரித் துறையின் அளவுகோல்களின்படி செலவுகளைக் கழித்து, 60 மாதங்களில் எவ்வளவு மிஞ்சும் என்று பார்ப்பார்கள். சட்டம் வந்த புதிதில் அந்தத் தொகை 10,000 டாலரைத் தொட்டாலே, அதாவது மாதம் 167 டாலர் மிஞ்சினாலே, சலுகையைத் தவறாகப் பயன்படுத்துகிறார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது மனுதாரர் பாடு. (இந்த வரம்பு 3 ஆண்டுக்கு ஒருமுறை விலைவாசிக்கு ஏற்ப உயர்கிறது.)

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் வில்லங்கம் புரியும். மாதம் 6,000 டாலர் சம்பாதித்தவருக்கு ஐந்தாவது மாதக் கடைசியில் வேலை போய்விட்டது, ஆறாவது மாதம் வருமானம் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். 30,000-ஐ ஆறால் வகுத்தால் 5,000. ஆண்டுக்கு 60,000. கையில் காசே இல்லாதவர், காகிதத்தில் 60,000 டாலர்காரர். அவருடைய மாநிலத்தின் இடைநிலை வருமானம் 55,000 என்றால் வாசலிலேயே நிறுத்தி, அடுத்த கட்டக் கணக்குக்கு அனுப்பிவிடுவார்கள். அதே ஆள் இன்னும் இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து மனுப் போட்டால், சராசரி 3,000-ஆக இறங்கிவிடும். அந்த இரண்டு மாதமும் கடன் வசூலிப்பவர்களின் போன் அடித்துக்கொண்டே இருக்கும் என்பது வேறு விஷயம்.

மற்ற மாற்றங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மனுப் போடுவதற்கு முந்தைய 180 நாட்களுக்குள் கடன் ஆலோசனை பெற்றிருக்க வேண்டும். ஒருமுறை சாப்டர் 7-இல் விடுபட்டவர் மறுபடி அதையே கேட்க 6 ஆண்டு என்றிருந்தது 8 ஆண்டானது. தனியார் நிறுவனங்கள் கொடுத்த கல்விக் கடனும் திவாலில் சுலபமாகத் தள்ளுபடி ஆகாத பட்டியலில் சேர்ந்தது. இந்தக் கடைசி மாற்றம்தான் இன்றுவரை இளைஞர்களின் கழுத்தைப் பிடித்திருக்கிறது என்பது என் கருத்து.

2005 அக்டோபர் 17-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் முந்திக்கொள்ள நீதிமன்றங்களில் கூட்டம் அலைமோதியது. அந்த ஆண்டு மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட திவால் மனுக்கள். அடுத்த ஆண்டு சுமார் 6 லட்சமாகச் சரிந்தது.

படி 2: மசோதா எண்ணையும் காங்கிரஸ் எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்

நம் சட்டத்தின் எண் எஸ். 256. செனட்டில் பிறந்த மசோதா என்பதற்கு அந்த 'எஸ்'. பிரதிநிதிகள் சபையில் பிறந்திருந்தால் எச்.ஆர். என்று தொடங்கும்.

எண் மட்டும் போதாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புது காங்கிரஸ் கூடும்போது எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். எஸ். 256 என்று மட்டும் தேடினால் வேறு வேறு ஆண்டுகளின் சம்பந்தமில்லாத மசோதாக்களும் வரிசையாக வந்து நிற்கும். 109-ஆவது காங்கிரஸ் என்பதையும் சேர்த்துத் தேடுங்கள்.

தலைப்பை நம்பியும் ஏமாறக் கூடாது. இதே திவால் திட்டத்தின் பழைய வடிவம் ஒன்று 2000-ஆம் ஆண்டில் நிறைவேறியது. அது ஏறிவந்த வண்டி எச்.ஆர். 2415, வெளிநாடுகளில் உள்ள அமெரிக்கத் தூதரகங்களின் பாதுகாப்புக்காகத் தொடங்கிய மசோதா. உள்ளே இருந்ததை எடுத்துவிட்டுத் திவாலை வைத்துவிட்டார்கள். அப்போது ஜனாதிபதியாக இருந்த பில் கிளிண்டன் கையெழுத்துப் போடாமலே கிடப்பில் போட்டதால் அது சட்டமாகவில்லை.

படி 3: 'ஆக்‌ஷன்ஸ்' பக்கத்தைத் திறங்கள்

காங்கிரஸ் டாட் கவ் (congress.gov) தளத்தில் மசோதாவின் பக்கத்துக்குப் போனால் மேலே 'ஆக்‌ஷன்ஸ்' என்று ஒரு தாவல் இருக்கும். மசோதாவின் ஜாதகமே அங்கேதான் இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய வரிகள் இவை:

2005 மார்ச் 10: செனட்டில் நிறைவேறியது, 74 – 25, வாக்கெடுப்பு எண் 44.
2005 ஏப்ரல் 14: பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, 302 – 126, வாக்கெடுப்பு எண் 108.
2005 ஏப்ரல் 20: ஜார்ஜ் புஷ் கையெழுத்து. பப்ளிக் லா 109-8 (மசோதா சட்டமானபின் கிடைக்கும் எண்).

செனட் அனுப்பியதை ஒரு சொல்கூட மாற்றாமல் பிரதிநிதிகள் சபை ஏற்றுக்கொண்டது. ஆகவே இரண்டு அவையும் வாக்களித்தது ஒரே வாசகத்துக்குத்தான். எல்லா மசோதாவிலும் இப்படி அமையாது.

படி 4: பெயர்ப் பட்டியலைப் படியுங்கள்

வாக்கெடுப்பு எண்ணைச் சொடுக்கினால் செனட்டின் தளத்துக்குப் போகும். பெயர் வரிசை, வாக்கு வரிசை, மாநில வரிசை என்று மூன்று விதமாக அடுக்கியிருப்பார்கள். நேராக மாநில வரிசைக்குப் போங்கள், சுவாரஸ்யம் அங்கேதான்.

டெலவேர்: பைடன் ஆதரவு, கார்ப்பர் ஆதரவு. இருவரும் ஜனநாயகக் கட்சி. கிரெடிட் கார்டு நிறுவனங்கள் குடிகொண்டிருக்கும் மாநிலம் அது. கார்டு வியாபாரத்தில் அன்று கொடிகட்டிப் பறந்த எம்பிஎன்ஏ-வின் தலைமையகம் அங்கே வில்மிங்டனில்தான் இருந்தது. இதை வைத்துக் காரணம் இதுதான் என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் கேள்வி கேட்கலாம்.

இலினாய்: ஒபாமா எதிர்ப்பு, டர்பின் எதிர்ப்பு.

நியூயார்க்: ஷூமர் எதிர்ப்பு. ஹிலாரி கிளிண்டன் பெயருக்கு நேரே 'நாட் வோட்டிங்'. கணவருக்கு அன்று அறுவை சிகிச்சை. 'நாட் வோட்டிங்' என்பதை நழுவல் என்றோ மறைமுக எதிர்ப்பு என்றோ வாசிக்காதீர்கள். காரணம் பட்டியலில் இருக்காது, வெளியே தேட வேண்டும்.

பெயருக்குப் பக்கத்தில் உள்ள ஆர், டி, ஐ என்பவை குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி, சுயேச்சை. கூட்டிப் பாருங்கள்: குடியரசுக் கட்சியின் 55 பேரும் ஆதரவு, ஜனநாயகக் கட்சியில் 18 பேர், வெர்மான்ட்டின் சுயேச்சை ஜெஃபோர்ட்ஸ். மொத்தம் 74. பிரதிநிதிகள் சபையிலும் ஜனநாயகக் கட்சியினர் 73 பேர் ஆதரித்தார்கள். அங்கே சுயேச்சையாக இருந்த பெர்னி சாண்டர்ஸ் எதிர்த்தார்.

நம்மூரில் கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். முக்கால்வாசி மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிடுவதால் யார் 'ஆம்' என்றார்கள் என்ற பதிவும் இருக்காது. அமெரிக்காவில் கட்சி மாறி வாக்களித்தால் பதவி போகாது. அதனால்தான் அங்கே தனிப் பெயர்களைப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

படி 5: இறுதி வாக்கெடுப்போடு நிறுத்தாதீர்கள்

பலரும் படி 4-ஓடு எழுந்து போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் இறுதி வாக்கெடுப்பு ஊருக்காகப் போடுவது. நிறைவேறப்போவது உறுதி என்று தெரிந்தபின் தொகுதிக்கு ஏற்றபடி கை தூக்கலாம். அதற்கு முந்தைய நாட்களைப் பாருங்கள்.

முதலில் மார்ச் 8-ஆம் தேதி 'குளோச்சர்' வாக்கெடுப்பு. விவாதத்தை முடித்துக்கொள்ளலாமா என்பது கேள்வி. இதற்கு 60 வாக்கு வேண்டும், மசோதா நிறைவேறச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். முடிவு 69 – 31. எதிர்ப்பவர்கள் மசோதாவை நிறுத்த முடிந்த கடைசி இடம் இதுதான். இரண்டு நாள் கழித்து ஆதரவு 74 ஆனது. ஆக, விவாதத்தை முடிக்க மறுத்தவர்களில் குறைந்தது 5 பேர் மசோதாவுக்கே ஆதரவாக வாக்களித்திருக்கிறார்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் பெயர்கள் கிடைத்துவிடும்.

அடுத்து, திருத்தங்கள். செனட்டர் மார்க் டேட்டன் கொண்டுவந்த திருத்தம் கடனுக்கான வட்டிக்கு 30 சதவீத உச்சவரம்பு கேட்டது. 24 – 74 என்று தோற்றது. மசோதாவையே எதிர்த்த ஒபாமா இந்தத் திருத்தத்தையும் எதிர்த்தார், ஹிலாரி ஆதரித்தார். 2008 ஜனவரி விவாத மேடையில் ஹிலாரி இதைக் கிளப்பியபோது, 30 சதவீதம் என்பதே மிக அதிகமான வரம்பு என்று நினைத்ததாக ஒபாமா பதில் சொன்னார். ஒரே வாக்கை இரண்டு விதமாக வாசிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஷூமரின் திருத்தம் இன்னும் விசித்திரம். கருக்கலைப்பு மருத்துவமனைகளை மறித்துப் போராடி அபராதம் வாங்கியவர்கள் திவாலைக் காட்டித் தப்பக் கூடாது என்றது அது. 2002-இல் இப்படியொரு பிரிவு உள்ளே இருந்ததால், திவால் மசோதாவை விரும்பிய குடியரசுக் கட்சியினர் பலரே பிரதிநிதிகள் சபையில் அதைக் கவிழ்த்தார்கள், 172 – 243. வட்டிக்காரன், கடன்காரன் கதைக்கும் அந்தத் தோல்விக்கும் சம்பந்தமே இல்லை. 2005-இல் அதே திருத்தம் செனட்டிலேயே 46 – 53 என்று தோற்றது, மசோதாவுக்கு வழி திறந்தது.

இந்தப் பக்கங்களில் ஒரு கண்ணிவெடி உண்டு. வாக்கெடுப்புத் தலைப்பில் 'மோஷன் டு டேபிள்' என்றிருந்தால், அங்கே 'ஆம்' என்பவர் திருத்தத்தைக் கொல்கிறார். கேள்வி என்ன என்று தலைப்பில் படித்துவிட்டுத்தான் கீழே பெயர்களுக்கு வர வேண்டும்.

படி 6: நீங்களே ஒன்று செய்து பாருங்கள்

107-ஆவது காங்கிரஸ், எஸ். 420. (எண்ணைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், தற்செயல்தான்.) இதே திவால் திட்டம், 2001 மார்ச் 15, செனட்டில் 83 – 15. மாநில வரிசையில் டெலவேரையும் நியூயார்க்கையும் எடுத்து 2005 பட்டியலோடு ஒப்பிடுங்கள். 2005-இல் வாக்களிக்காத ஹிலாரி இங்கே எந்தப் பக்கம் நின்றார் என்று பாருங்கள், கொஞ்சம் ஆச்சரியப்படுவீர்கள். இலினாயில் ஒபாமாவைத் தேட வேண்டாம், அவர் செனட்டுக்கு வந்ததே 2005 ஜனவரியில்தான். 'ஆக்‌ஷன்ஸ்' பக்கத்தில் பப்ளிக் லா எண்ணும் இருக்காது. செனட்டைத் தாண்டிய அந்த மசோதா சட்டமாகவில்லை.