பழைய ரேசரைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

போன மாதம் சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் ஒரு தம்பி எனக்காகக் காத்திருந்தார். தேசிய சேவை முடித்து வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுதான் ஆகிறது. இணையத்தில் பழைய ஜில்லெட் ரேசர் ஒன்றை 70 வெள்ளிக்கு வாங்கியிருந்தார். தே தாரிக் வருவதற்குள் கைக்குட்டையைப் பிரித்து மேசையில் வைத்துவிட்டார்.

"அண்ணே, வாங்கினப்போ அங்கங்கே கறுப்பா இருந்துச்சு. அம்மா குத்துவிளக்குக்குப் போடுற மாதிரி புளி போட்டுத் தேய்ச்சுக் கொடுத்தாங்க. இப்பப் பாருங்க, தங்கம் மாதிரி மின்னுது."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த ரேசரின் மேல் நேற்றுவரை இருந்தது தங்கமேதான். இப்போது மின்னுவது பித்தளை.

அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அழுத்திச் சிரைக்காதீர்கள், 30 பாகை கோணத்தில் பிடியுங்கள், முதலில் முடி வளரும் திசையிலேயே இழுங்கள் என்பதெல்லாம் எல்லாரும் சொல்வது. இரண்டு நாள் கன்னம் எரிந்தால் அது தானாக வந்துவிடும். தோல் ஆறிவிடும், போன முலாம் திரும்பாது.

புளி, பாலிஷ், பட்டறைச் சக்கரம்

2016-ல், சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை மூடப்படுவதற்கு முந்தைய ஆண்டு, ஒரு சீனப் பெரியவர் தார்ப்பாயில் பரப்பியிருந்த கடிகாரங்களுக்கும் பழைய நாணயங்களுக்கும் நடுவே ஒரு ஜில்லெட் அரிஸ்டோகிராட் கிடந்தது. அடியிலுள்ள குமிழைத் திருகினால் தலைப்பகுதி இரண்டு கதவுகளாகத் திறந்து பிளேடை வாங்கிக்கொள்ளும் வகை. 1934-ல் முதலில் வந்த மாடல், தங்க முலாம் பூசியது. 45 வெள்ளி கேட்டார். பேரம் பேச வாய் வரவில்லை, கொடுத்துவிட்டேன்.

கைப்பிடியில் பழைய சோப்பு கல்லாக இறுகியிருந்தது. வீட்டில் விளக்குக்கு வைத்திருந்த பித்தளை பாலிஷை எடுத்து, பழைய பனியன் துணியில் தொட்டு, ஒரு மணி நேரம் தேய்த்தேன். துணி கறுக்கக் கறுக்க ரேசர் பளிச்சென்று ஆனது. அழுக்கு போகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

இதில் மோசம் என்னவென்றால், தவறு நடந்தது அன்றைக்குத் தெரியாது. தங்கம் போன இடத்தில் புதிதாகத் தேய்த்த பித்தளையும் மஞ்சளாகத்தான் மின்னும். தங்கம் காற்றில் நிறம் மாறாது, பித்தளை மாறும். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். பத்தே நாளில் கைப்பிடி தேயிலைக் கறை மாதிரி பழுத்தது. குமிழில் என் கட்டைவிரல் படும் இடத்தில் விரல் அளவுக்கே ஒரு பழுப்புத் திட்டு. கதவைத் திறந்து பார்த்தேன். துணி எட்டாத உட்புறத்தில் மட்டும் தங்கம் அப்படியே இருந்தது. எண்பது ஆண்டுகள் யார் யார் கையிலோ தங்கியிருந்த தங்கத்தை நான் ஒரு மணி நேரத்தில் துடைத்தெடுத்துவிட்டேன்.

குத்துவிளக்குக்குப் புளி சரி. விளக்கு உள்ளும் புறமும் பித்தளை. புளியின் அமிலம் மேலே படிந்த கறையைக் கரைக்கிறது, உள்ளே புதுப் பித்தளை வருகிறது, நட்டமில்லை. ரேசர் அப்படியல்ல. உடல் பித்தளை, மேலே நிக்கல் அல்லது தங்க முலாம். அந்தத் தங்கம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. புளி தங்கத்தைக் கரைக்காது. ஆனால் முலாமின் நுண்ணிய துளைகள் வழியே அமிலம் இறங்கி அடியிலுள்ள பித்தளையை அரிக்கும், முலாமின் பிடி தளரும், மேலே தேய்க்கிற நார் மிச்சத்தைப் பெயர்த்துவிடும். வினிகரில் இரவு முழுக்க ஊறப்போடுவதும் இதே கதைதான். பாலிஷில் இருக்கும் நுண்பொடி நேராகவே அறுக்கிறது. பற்பசையும் அப்படித்தான்.

நான் அதோடு நின்றிருக்கலாம். திரும்ப முலாம் பூசினால் போயிற்று என்று ஒரு பட்டறையில் கொடுத்தேன். பூசுவதற்கு முன் சுழலும் துணிச்சக்கரத்தில் வைத்து மெருகேற்றியிருக்கிறார்கள். கைப்பிடியில் வழுக்காமலிருக்கக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய கோடுகள் மழுங்கிப்போய், கம்பெனியின் வைர வடிவ முத்திரை பாதி அழிந்து வந்தது. ரேசர் வாங்கியதைவிட அதிகமாகச் செலவழித்து, ஈரக்கையில் வழுக்குகிற ஒரு பொருளை வாங்கி வந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் அடங்கவில்லை.

செய்ய வேண்டியது சின்ன வேலை. வெதுவெதுப்பான நீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், கால் மணி நேரம் ஊறல். பிறகு குழந்தைகளுக்கான மென்மையான பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்க்கவும். சோப்புப் படிவு போகாவிட்டால் மறுபடி ஊறப்போடுங்கள், கை அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். இன்னொருவர் முகத்தில் பட்டது என்ற கூச்சத்துக்கு, மருந்துக்கடை ஸ்பிரிட்டில் சில நிமிடம் போதும். கதவு வகையாக இருந்தால் கீல்களில் ஒரு சொட்டு பேபி ஆயில். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பழுப்புத் திட்டு மிஞ்சினால், அங்கே முலாம் ஏற்கெனவே போயிருக்கிறது. விட்டுவிடுங்கள்.

அலுமினியக் கைப்பிடி வைத்து இங்கிலாந்தில் செய்த ஜில்லெட் 'டெக்' மாடல்களுக்குச் சோடா உப்பு கலந்த வெந்நீரும் ஆகாது. கறுத்துப்போகும்.

'1904' என்று பொறித்திருப்பதை நம்புவது

'1904-ஆம் ஆண்டு ரேசர், 300 வெள்ளி' என்று அடிக்கடி விளம்பரம் வருகிறது. 1904 நவம்பர் 15 என்பது கம்பெனியை நிறுவிய கிங் ஜில்லெட்டுக்குக் காப்புரிமை கிடைத்த நாள். அந்தத் தேதியைப் பின்னர் பல ஆண்டுகள் செய்த ரேசர்களிலும் பொறித்தார்கள். தேதியைப் பார்த்து விலை பேசாதீர்கள்.

அமெரிக்க ஜில்லெட்டுகளில் 1951 முதல் தலையின் அடியில் ஒரு ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். எழுத்து ஆண்டு, எண் காலாண்டு. 'ஏ' (A) என்றால் 1955, 'இ' (E) என்றால் 1959. 'இ-2' என்று கண்டால் 1959-இன் இரண்டாம் காலாண்டு. விற்பவர் படம் அனுப்பும்போது அந்த இடத்தைக் கேளுங்கள்.

பிளேடு கிடைக்காத ரேசர்

இருபக்கக் கூர்மை பிளேடு போடுகிற பழைய ஜில்லெட் எதற்கும் இன்றைய பிளேடு பொருந்தும். ஷிக் இன்ஜெக்டர், ஜெம் போன்ற ஒருபக்கக் கூர்மை ரேசர்களுக்கு வேறு வகைப் பிளேடு. அது எங்கே கிடைக்கும் என்று பார்த்துவிட்டு ரேசரை வாங்குங்கள்.

எண் திருகும் ரேசரை இறுக்கியபடியே திருகுவது

ஜில்லெட் 'ஃபேட்பாய்' 1 முதல் 9 வரை எண் வைத்தது, எண் கூடக் கூட பிளேடுக்கு அடியிலுள்ள இடைவெளி கூடும். அடிக் குமிழை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டுத்தான் எண்ணை மாற்ற வேண்டும். இறுகிய நிலையில் மாற்றிப் பழகினால் உள்ளே தேய்ந்து, எண் ஒன்றும் இடைவெளி வேறுமாக ஆகிவிடும்.

முதல் நாளே ஃபெதர் பிளேடு

வேண்டாம். அது மிகக் கூர்மையான ஜப்பானியப் பிளேடு.

வெல்வெட் பெட்டியில் ஈரத்தோடு மூடுவது

பெட்டி அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆறு மாதத்தில் ரேசரின் கீல்களில் பச்சைக் களிம்பு கட்டும். என்னிடம் இருக்கும் பெட்டிகள் கேமரா வைக்கும் உலர் அலமாரியில் தனியாகக் கிடக்கின்றன, ரேசர்கள் குளியலறைக்கு வெளியே காற்றாட நிற்கின்றன. குளியலறைக்குள்ளேயே வைப்பதும் ஏறத்தாழ வெல்வெட் பெட்டிதான், வீவக அடுக்குமாடி வீட்டுக் குளியலறை எளிதில் காய்வதில்லை.

விமானப் பயணம்

பிளேடைக் கைப்பையில் வைக்காதீர்கள்.

குப்பைக் குழாயில் பிளேடு

பன்னிரண்டாம் மாடியிலிருந்து விழும் பை கீழே கிழியும். அதைக் கையால் அள்ளுகிறவர் ஒருவர் இருக்கிறார். பங்களாதேஷிலிருந்தோ தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்தோ வந்தவர். காலி மைலோ டின்னின் மூடியில் பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். அந்தத் தம்பிக்கும் அன்று ஒரு டின்னைச் செய்து கொடுத்தேன். என்னுடையது அரிஸ்டோகிராட் வாங்கிய வாரம் செய்தது, இன்னும் பாதிகூட நிறையவில்லை.